கருவேலத்தின் எதிரியைத் தேடி

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கண்மாய்க்குள் கருவேலம் நிற்பதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. ஏர்க்கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் கட்டை கொடுத்த மரம் அது. கோடையில் அதன் நெற்றை உலுக்கிப் போட்டால் ஆடுகள் ஓடி வரும். பட்டை தோல் பதனிட உதவியது, குச்சி பல் துலக்க உதவியது. வேட்டங்குடி, சித்திரங்குடி பறவைகள் சரணாலயங்களில் கொக்கும் நாரையும் அதன் முள்கிளைகளை நம்பித்தான் கூடு கட்டுகின்றன.

இதே கருவேலம் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பெரும் களை. அங்கே மிட்செல் புல் சமவெளி என்று அழைக்கப்படும் மேய்ச்சல் நிலங்களில் 60 லட்சம் ஹெக்டேருக்கு மேல் அது பரவிக் கிடக்கிறது. கிட்டத்தட்டப் பாதித் தமிழ்நாட்டின் அளவு. நாடு முழுவதற்கும் ஆபத்தானவை என்று 1999-ல் ஆஸ்திரேலியா தேர்ந்தெடுத்து அறிவித்த 20 களைகளில் நம் கருவேலமும் ஒன்று.

அந்த மரத்தை அடக்க ஒரு பூச்சி கிடைக்குமா என்று தேடிக்கொண்டு குயின்ஸ்லாந்து விஞ்ஞானிகள் தமிழ்நாட்டுக்கே வந்தார்கள். அந்தத் தேடலின் கதை நமக்கு முக்கியம். ஏனென்றால் நம்மிடம் சீமைக்கருவேலம் இருக்கிறது. நீலகிரியில் சீகை இருக்கிறது. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் மஞ்சள் பூ பூத்துக் காட்டை மூடும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் இருக்கிறது. இவற்றை வெட்டுவது பற்றி ஆண்டுக்கணக்கில் பேசுகிறோம், வெட்டவும் செய்கிறோம். இந்த மரங்களைச் சொந்த ஊரில் அடக்கி வைத்திருந்தது எது என்ற கேள்வியை மட்டும் நாம் இன்னும் சரியாகக் கேட்கவில்லை.

நிழலுக்குக் கொண்டுபோன மரம்

இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து கருவேலம் குயின்ஸ்லாந்துக்குப் போனது 1890-களில். மரமே இல்லாத புல்வெளியில் செம்மறி ஆடுகளுக்கு நிழல் வேண்டும், பஞ்சத்தில் தின்ன நெற்று வேண்டும். 1926-ல் அங்கிருந்த வேளாண் துறையே இதை நடும்படி பரிந்துரைத்தது. ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து மைல்கணக்கில் ஓடிய திறந்த வாய்க்கால்களின் ஓரமெல்லாம் கருவேலம் வளர்ந்தது. சில பத்தாண்டுகள் யாருக்கும் குறை இல்லை.

1950-களிலும் 1970-களிலும் தொடர்ந்து நல்ல மழை பெய்தது. அதோடு பண்ணையாளர்கள் செம்மறியை விட்டு மாட்டுக்கு மாறினார்கள். இந்த மாற்றம்தான் வினையானது. செம்மறியும் வெள்ளாடும் நெற்றை மென்று விதையின் பெரும்பகுதியை நொறுக்கிவிடும். மாடு விழுங்கிவிடும். விதை சேதமில்லாமல் சாணத்தோடு வெளியே வந்து, ஈரமும் எருவும் சேர்ந்த இடத்தில் விழுந்து முளைக்கும். மாடு நடந்த வழியெல்லாம் முள்காடு. புல் குறைந்தது, தண்ணீருக்குப் போகும் பாதை அடைபட்டது, மந்தையை ஒன்றுசேர்ப்பதே பெரும்பாடாயிற்று.

இந்தோனேசியாவிலும் இதே மரம் இதே வேலையைச் செய்திருக்கிறது. கிழக்கு ஜாவாவின் பலூரான் தேசியப் பூங்காவில் 1960-களின் கடைசியில் தீத்தடுப்பு வேலியாக நடப்பட்ட கருவேலம், பாந்தெங் என்னும் காட்டு மாடுகள் மேயும் புல்வெளியை மூடிவிட்டது.

நம்மூரில் அடக்கமாக நிற்கும் மரம் அங்கே ஏன் அடங்கவில்லை? மண்ணும் மழையும் ஒரு காரணம். பெரிய காரணம், அங்கே அதைத் தின்ன ஆளில்லை. இங்கே கருவேலத்தின் இலையைக் கூடாகப் பின்னித் தின்னும் புழு இருக்கிறது. பட்டையில் ஒட்டிச் சாறு உறிஞ்சும் செதில் பூச்சி இருக்கிறது. விதைக்குள்ளே புகுந்து குடைந்து வெளியே வரும் வண்டு இருக்கிறது. ஒவ்வொன்றும் மரத்தின் வருமானத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளாக அந்தப் பங்கைக் கொடுத்துப் பழகிய மரம், விதையாகக் கடல் தாண்டியபோது பங்காளிகளை இங்கேயே விட்டுவிட்டுப் போனது. உயிரியல் கட்டுப்பாடு என்பது அந்தப் பங்காளிகளில் நம்பத் தகுந்த ஒன்றிரண்டு பேரை மட்டும் தேர்ந்தெடுத்து மரம் போன இடத்துக்கு அனுப்பி வைப்பது.

தமிழ்நாட்டில் தேடியவர்கள்

குயின்ஸ்லாந்து 1980-களிலிருந்தே இதை முயன்று வருகிறது. முதலில் பாகிஸ்தானிலிருந்து விதை குடையும் வண்டு ஒன்று வந்தது, 1982-ல் விட்டார்கள். அது நன்றாகப் பரவியது, ஆனால் மரம் குறையவில்லை. நெற்று கீழே விழுந்ததும் மாடு தின்றுவிடுகிறது. வண்டு முட்டையிட வருவதற்குள் விதை மாட்டின் வயிற்றில். அடுத்து ஆப்பிரிக்காவிலிருந்து இலை தின்னும் வண்டும் அந்துப்பூச்சிகளும் வந்தன. அவற்றில் ஒரு அந்துப்பூச்சி கடலோரம் போவென் பகுதியில் நிலைத்து, அங்குள்ள மரங்களை மொட்டையடித்தது. மரம் அதிகமாக இருக்கும் உள்நாட்டு வெயில் அதற்கு ஒத்துவரவில்லை.

அப்போது மரபணு ஆய்வு கைகொடுத்தது. கருவேலத்தில் பல துணையினங்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் இருப்பது இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் உரிய துணையினம் என்று தெரிந்தது. ஆப்பிரிக்கத் துணையினத்தில் வளர்ந்த பூச்சியைக் காட்டிலும், இதே துணையினத்தில், இதே போன்ற வறண்ட வெயிலில் வளர்ந்த பூச்சி பொருத்தமாக இருக்கும் அல்லவா? 2008-ல் தொடங்கி தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் கருவேல மரங்களை ஆராய்ந்தார்கள். குயின்ஸ்லாந்து அரசின் பூச்சியியல் விஞ்ஞானி குஞ்சிதபாதம் திலீபனும், கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் சேர்ந்து செய்த வேலை இது.

வெறுமனே பூச்சி பிடிக்கும் வேலை அல்ல அது. பருவம்தோறும் அதே மரங்களைப் பார்க்க வேண்டும். எந்தப் பூச்சி வருகிறது, எப்போது வருகிறது, பக்கத்தில் நிற்கும் வேறு வேல மரத்தில் அது இருக்கிறதா என்று குறித்துக்கொள்ள வேண்டும். சில கன்றுகளுக்கு மருந்து தெளித்துப் பூச்சி அண்டாமல் காத்து, சிலவற்றைத் தெளிக்காமல் விட்டு, இரண்டின் வளர்ச்சியையும் ஒப்பிட வேண்டும். பூச்சி உண்மையிலேயே மரத்தை ஒடுக்குகிறதா, சும்மா மேய்ந்துவிட்டுப் போகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

இந்த ஆய்வில் இலை பின்னும் புழு ஒன்றும் செதில் பூச்சி ஒன்றும் நம்பிக்கை தந்தன. இரண்டையும் பிரிஸ்பேனில் உள்ள தனிமைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். பூச்சி வெளியே தப்ப முடியாதபடி அடைத்துக் கட்டிய ஆய்வுக்கூடம் அது. ஆஸ்திரேலியாவுக்கே உரிய வேல மரங்களின் கன்றுகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் பூச்சியை விட்டுப் பார்த்தார்கள். அந்த நாட்டில் வேல மரக் குடும்பத்தில் நூற்றுக்கணக்கான இனங்கள் உண்டு. அவர்களின் தேசிய மலரே வேல மரத்துப் பூதான். நம் வயல்வெளியில் கருவேலத்தை மட்டும் தின்றுகொண்டிருந்த இரண்டு பூச்சிகளும், வேறு வழியில்லாத கூண்டுக்குள் ஆஸ்திரேலிய மரங்கள் சிலவற்றிலும் வளர்ந்தன. அவற்றை வெளியே விடவில்லை. தேடல் மறுபடி ஆப்பிரிக்காவுக்கு, எத்தியோப்பியா, செனகல் பக்கம் திரும்பியது. இலையிலும் தளிரிலும் முடிச்சு உண்டாக்கும் மிக நுண்ணிய உயிர்களை இப்போது முன்னிறுத்துகிறார்கள். இப்படி முடிச்சு போடுபவை பெரும்பாலும் ஒரே மரத்தோடு பிணைந்தவை.

பல ஆண்டு உழைப்பு வீணாயிற்றே என்று இதைப் படிப்பவர்களுக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த முறை மீது எனக்கு நம்பிக்கை வந்ததே இந்த இடத்தில்தான். அறுபது லட்சம் ஹெக்டேர் முள்காட்டை வைத்துக்கொண்டு, பண்ணையாளர்களின் நெருக்கடியையும் வைத்துக்கொண்டு, சந்தேகம் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பூச்சியை நிறுத்தி வைக்கிறார்கள். அந்தப் பொறுமை இல்லாத இடத்தில் உயிரியல் கட்டுப்பாடு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது.

சப்பாத்திக்கள்ளி சொல்லும் பழங்கதை

பூச்சியை விட்டுக் களையை அடக்குவது தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. சொல்லப்போனால் உலகிலேயே இந்த வேலை நடந்த முதல் இடங்களில் நம் மண்ணும் ஒன்று.

கிழக்கிந்திய கம்பெனிக்குச் சிவப்புச் சாயம் வேண்டியிருந்தது. ஸ்பெயின்காரர்கள் அமெரிக்காவில் சப்பாத்திக்கள்ளியில் பூச்சி வளர்த்து, அதை உலர்த்திப் பொடித்து விலை உயர்ந்த சாயம் எடுத்தார்கள். அந்தப் பூச்சி என்று நினைத்து 1795-ல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்கு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வந்தது வேறு இனம், சாயத்துக்கு உதவாது. ஆனால் அது கள்ளியைக் கொன்றது. வடக்கே ஒரு வகைக் கள்ளி பட்டுப்போவதைப் பார்த்தவர்கள், 1836-38 வாக்கில் வேண்டுமென்றே அந்தப் பூச்சியைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். 1865-க்கு முன்பே அது இலங்கைக்கும் போனது. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் களையை ஒழிக்கவே ஒரு பூச்சியை எடுத்துச் சென்ற முதல் நிகழ்ச்சி என்று பூச்சியியல் நூல்கள் இதைத்தான் குறிக்கின்றன.

அந்தப் பூச்சி தொடாத இன்னொரு கள்ளி வகை தென் மாவட்டங்களில் மிச்சம் இருந்தது. 1920-களில் இலங்கை வழியாக வேறொரு பூச்சி வந்தது. மாவு பூத்தாற்போல் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும், நசுக்கினால் ரத்தச் சிவப்பாகக் கசியும் பூச்சி அது. சில ஆண்டுகளில் கள்ளிக்காடுகள் சரிந்தன.

அண்மையிலும் ஒரு சான்று உண்டு. 2008-ல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு மல்பெரியையும் மரவள்ளியையும் சேர்த்து அழித்தது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த ஒட்டுண்ணிக் குளவிகளை விட்ட பிறகு அது அடங்கியது. மருந்தடித்துச் சலித்த விவசாயிகள் குளவியை வாங்கிப் போனார்கள். பூச்சியைப் பூச்சி அடக்குவதைக் கண்ணால் பார்த்த தலைமுறை இங்கே இருக்கிறது. மரத்தைப் பூச்சி அடக்குவது அதைவிட மெதுவான வேலை, கதை அதேதான்.

கொல்ல வேண்டுமா, மலடாக்கினால் போதுமா?

இதைப் பற்றி உலகிலேயே ஆழமாக யோசித்த நாடு தென்னாப்பிரிக்கா. யோசிக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு. ஆஸ்திரேலிய வேல மரங்கள் அங்கே மலைச்சரிவுகளையும் ஆற்றோரங்களையும் ஆக்கிரமித்து நீரைக் குடித்தன. 1995-ல் தொடங்கிய அரசுத் திட்டம் ஒன்று, ஏழைகளுக்குக் கூலி கொடுத்து இந்த மரங்களை வெட்ட வைத்தது. வெட்டிய இடத்தில் மண்ணுக்குள் கிடந்த விதைகள் முளைத்தன. மறுபடி வெட்ட வேண்டியிருந்தது.

அங்கே ஒரு மரத்துக்கு ஒரு தீர்ப்பு எழுதினார்கள். போர்ட் ஜாக்சன் வேலம் என்ற மரத்தால் பெரிய வருமானம் யாருக்கும் இல்லை. அதற்கு 1987-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து துரு நோய்ப் பூஞ்சை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கிளையெல்லாம் முண்டு முண்டாக வீங்கி, மரம் மெல்லச் செத்தது. பல இடங்களில் மரத்தின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது.

கறுப்பு வாட்டில் வேறு கதை. நம் நீலகிரிக்காரர்கள் சீகை என்று சொல்லும் அதே மரம். அதன் பட்டையையும் மரக்கூழையும் நம்பித் தென்னாப்பிரிக்காவில் பெரிய தொழிலே நடக்கிறது. மரத்தைக் கொல்லும் எதையும் தோட்டக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆகவே விதையை மட்டும் தின்னும் கூன்வண்டையும், பூவைக் கெடுத்து விதை பிடிக்காமல் செய்யும் நுண்ணிய ஈ ஒன்றையும் கொண்டுவந்தார்கள். நட்ட மரம் நன்றாக வளரும், கட்டையும் பட்டையும் கிடைக்கும், விதை மட்டும் பெருகாது. தோட்டக்காரருக்கும் இழப்பில்லை, ஆற்றுக்கும் இழப்பில்லை.

அமெரிக்காவின் புளோரிடாவில் இன்னொரு பாடம். எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தை ஆக்கிரமித்த மெலலூக்கா மரம், வெட்டினாலும் எரித்தாலும் கிளையில் சேர்த்து வைத்திருக்கும் லட்சக்கணக்கான விதைகளை ஒரே சமயத்தில் கொட்டும். கோடாரியே விதைப்பவனாக மாறிவிடும். 1997-ல் ஆஸ்திரேலியக் கூன்வண்டு ஒன்றும், 2002-ல் சாறுறிஞ்சும் பூச்சி ஒன்றும், 2008-ல் தண்டில் முடிச்சு போடும் ஈ ஒன்றும் விடப்பட்டன. பெரிய மரங்களை இவை கொன்றுவிடவில்லை. தளிரைத் தின்றுவிட்டதால் பூ குறைந்தது, புதுக்கன்று தலையெடுக்கவில்லை. பெரிய மரத்தை மனிதர் வெட்டினார்கள், அடுத்த தலைமுறையைப் பூச்சி பார்த்துக்கொண்டது. வெட்டுவதும் பூச்சியும் சேர்ந்த இந்த ஏற்பாடுதான் நமக்கு ஏற்றது என்று நினைக்கிறேன்.

வேலிக்காத்தானுக்கு வருவோம்

சீமைக்கருவேலம், வேலிக்காத்தான், சீமை உடை என்று ஊருக்கு ஒரு பேர் சொல்லும் மரம் அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்தது. 1870-களின் பிற்பகுதியில் ஆங்கிலேயர்களின் வனத்துறை விறகுக்காக அதன் விதையைச் சென்னை மாகாணத்துக்குத் தருவித்தது. இன்று கோடியக்கரையில் வெளிமான் மேயும் புல்வெளி முதல் தென் மாவட்டத்துக் கண்மாய் வரை அதன் பிடியில். 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 13 மாவட்டங்களில் அதை அகற்றச் சொன்னது. அதே ஆண்டில் சென்னையில் அந்த வேலைக்கு இடைக்காலத் தடையும் வந்தது. 2022-ல் தமிழ்நாடு அரசு அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. ஜேசிபி வந்து கண்மாயைச் சுத்தம் செய்துவிட்டுப் போகிறது. அடுத்த மழைக்கு விட்டுப்போன தூர் துளிர்க்கிறது, ஆட்டுப் புழுக்கையிலிருந்து கன்று முளைக்கிறது.

வெளிநாடுகளில் இந்த மரத்துக்குப் பூச்சி தேடியிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்கா 1987 முதல் அமெரிக்காவிலிருந்து விதை குடையும் வண்டுகளைக் கொண்டுவந்தது. அங்கேயும் குயின்ஸ்லாந்தில் கண்டதே நடந்தது: கால்நடை முந்திக்கொள்கிறது. மேய்ச்சலைத் தடுத்த இடங்களில் வண்டு நன்றாக வேலை செய்தது. ஆஸ்திரேலியா துணிந்து இலையைத் தாக்கும் பூச்சிக்குப் போனது. அர்ஜென்டினாவிலிருந்து வந்த எவிப்பே என்னும் சிறு அந்துப்பூச்சியை 1998-ல் விட்டார்கள். அதன் புழு சிற்றிலைகளைச் சேர்த்துக் கட்டி உள்ளிருந்து தின்னும். மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாரா பகுதியில், நம் ராமநாதபுரத்தைவிடக் கொடிய வெயிலில், சீமைக்கருவேலத்தின் உறவு மரங்களை அது ஆண்டுதோறும் இலையுதிர வைக்கிறது. மரம் உடனே சாவதில்லை. வளர்ச்சியும் விதையும் குன்றுகின்றன.

இந்தியாவில் சீமைக்கருவேலத்தை அடக்க இதுவரை எந்த வெளிநாட்டுப் பூச்சியும் விடப்படவில்லை. உடனே விட்டுவிட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன.

முதல் கேள்வி வன்னி மரம். நெடுங்காலம் சீமைக்கருவேலமும் வன்னியும் ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தன. 2022-ல் தாவரவியலாளர்கள் அமெரிக்க இனங்களைப் பிரித்து வேறு பேரினங்களில் வைத்தார்கள். நாம் நினைத்ததைவிட இரண்டும் தூரத்து உறவு என்று ஆயிற்று. பூச்சி தேடுபவர்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் பூச்சி நூலைப் படித்துவிட்டுத் தின்பதில்லை. பல கோயில்களுக்குத் தல மரமான வன்னி, ராஜஸ்தான் பாலைவனத்து விவசாயிக்கு உயிர் மரமும் கூட. வன்னியையும், கருவேலம், வெள்வேலம், உடை என்று நம்முடைய எல்லா வேல மரங்களையும் கூண்டுக்குள் வைத்துச் சோதித்த பிறகுதான் அடுத்த பேச்சு.

இரண்டாவது, பயம். 1984-ல் பார்த்தீனியத்தை அடக்க மெக்சிகோ வண்டு ஒன்றை பெங்களூருவில் விட்டார்கள். பார்த்தீனியத்தை நன்றாகவே தின்றது. சில ஆண்டுகளில் சூரியகாந்தி இலையிலும் அந்த வண்டு தென்பட, கர்நாடக விவசாயிகள் கொதித்தார்கள். விசாரித்ததில் சூரியகாந்திக்குப் பெரிய சேதம் இல்லை என்றே தெரிந்தது. ஆனால் விவசாயிக்கு அந்தப் பயம் வந்ததில் தவறே இல்லை. விடுவதற்கு முன்பே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். கரீபியத் தீவுகளில் கள்ளியை அடக்க 1957-ல் விட்ட அந்துப்பூச்சி, 1989-ல் புளோரிடாவில் தென்பட்டு, இன்று அமெரிக்காவின் சொந்தக் கள்ளிகளுக்கே ஆபத்தாக நிற்கிறது. விட்ட பூச்சியைத் திரும்பக் கூப்பிட முடியாது.

மூன்றாவது கேள்வி வயிற்றைப் பற்றியது. ராமநாதபுரம், விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். மானம் பார்த்த பூமியில் மழை பொய்த்த ஆண்டில் அடுப்பெரிய வைத்த மரம் அது. மறுபக்கம், கென்யாவின் பரிங்கோ பகுதியில் இதே மரத்தின் இனிப்பு நெற்றைத் தின்று பல்லிழந்த ஆட்டை இல்சாமுஸ் மக்கள் நீதிமன்றத்துக்கே கொண்டுவந்து நியாயம் கேட்டார்கள். ஒரே மரம் ஒருவருக்குச் சோறு, ஒருவருக்குச் சாபம்.

இதனால்தான் தென்னாப்பிரிக்கா சீகைக்கு எழுதிய தீர்ப்பு நமக்கு வழிகாட்டும் என்கிறேன். சீமைக்கருவேலத்தைக் கொல்லும் பூச்சி வேண்டாம். பூவையோ பிஞ்சு நெற்றையோ மரத்திலேயே வைத்துத் தாக்கும் பூச்சியைத் தேட வேண்டும். விழுந்த நெற்றுக்காகக் காத்திருக்கும் வண்டு ஆட்டோடு போட்டி போட்டுத் தோற்கும் என்பதை இரண்டு நாடுகள் செலவு செய்து நமக்குச் சொல்லிவிட்டன. கரி சுடுபவருக்கு இருக்கிற மரம் இன்னும் இருபது ஆண்டுக்குக் கிடைக்கும். புதுக் கண்மாய்க்குள் அது போகாது. நீலகிரிச் சீகைக்கும் இதுவே பொருந்தும். சோலைக்கும் புல்வெளிக்கும் நடுவே விதை பரவுவது நின்றால், வனத்துறை வெட்டிய இடத்தில் தோடர்களின் எருமை மேய்ந்த பழைய புல் திரும்ப வழி கிடைக்கும். காகித ஆலைக்கு வெட்டி அனுப்பப்படும் சென்னா ஸ்பெக்டாபிலிஸுக்கு அதன் அமெரிக்கச் சொந்த ஊரில் யார் எதிரி என்ற தேடலையும் கூடவே தொடங்கலாம்.

ஆட்களும் இடமும் நம்மிடம் இல்லாமல் இல்லை. பெங்களூருவில் தேசிய வேளாண் பூச்சி வள அமைப்பு இருக்கிறது. பப்பாளிக் குளவியைக் கொண்டுவந்த அனுபவம் அங்கே உண்டு. குயின்ஸ்லாந்துக்காகக் கருவேலத்தின் பூச்சிகளைத் தேடிக் கொடுத்த கோயம்புத்தூர் நிறுவனம் இருக்கிறது. அடுத்தவர் நாட்டு முள்காட்டுக்காக நம் மரங்களை அலசிய அதே திறமையை, நம் முள்காட்டுக்காக மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் பயன்படுத்த ஒரு திட்டமும் அதற்கான பணமும் வேண்டும். தேடுவதற்கு நான்கைந்து ஆண்டு, கூண்டுச் சோதனைக்கு அதே அளவு என்று பத்தாண்டுக்குத் தயாராக வேண்டும். அதுவரை ஜேசிபி நிற்கக் கூடாது. தூரோடு பிடுங்கிய இடத்தில் அதே பருவத்தில் நாட்டு மரமோ புல்லோ வைக்க வேண்டும். ஆடு நெற்றைத் தின்றுவிட்டுப் புதிதாகச் சுத்தம் செய்த கண்மாய்க்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் பத்தாண்டுக் கணக்கை ஒரு பக்கத் தாளில் எழுதி, கரிமூட்டக்காரர்களும் ஆடு மேய்க்கும் கீதாரிகளும் கண்மாய்ப் பாசன விவசாயிகளும் உட்கார்ந்திருக்கும் கிராம சபையில் படித்துக் காட்டுவதிலிருந்து இந்த வேலை தொடங்க வேண்டும்.